பச்சைப் பெட்டியும் பௌர்ணமி நெட்டும்

அன்றைக்கு நாம் தோற்றதற்குக் காரணம் நீ. என் ஊர் இல்லை, என் நெட் இல்லை, நான் இல்லை. நீதான்.

இதுவரை உன்னை லீடர் என்றும் வாங்க போங்க என்றும்தான் கூப்பிட்டிருக்கிறேன். இங்கே நீ என்றுதான் எழுதப்போகிறேன். வயதில் என் கடைசித் தம்பியைவிடச் சின்னவன் நீ. மரியாதையாகப் பேசிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை.

படிக்கிற மற்றவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் வாடகை அறைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கட்டடம் வேறொருவருடையது. சாவி கொடுப்பது, விரிப்பு மாற்றுவது, வெந்நீர் வரவில்லை என்றால் மாடி ஏறிப் பார்ப்பது எல்லாம் நானும் என் வீட்டுக்காரரும். கீழ்த்தளத்தில் எங்கள் வீடு. ஆசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கிய ஒரு பெங்களூர்ப் பெண் அறையில் உட்கார்ந்து இந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாள். விரிப்பு மாற்றப் போன நான் கையில் விரிப்போடு நின்று பார்த்தேன். அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அவள் ஊருக்குப் போய்விட்டாள், நான் விடவில்லை. நாற்பதைத் தாண்டிய பொம்பளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஊர் ஊராக இருக்கும் ஆட்கள் இணையத்தில் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, கூட்டமாகச் சேர்ந்து ஒரு பெரிய பூதத்தை அடிக்கும் விளையாட்டு அது. எங்கள் கூட்டத்தில் இருபத்தைந்து பேர். சென்னை, விழுப்புரம், ஈரோடு, துபாயிலிருந்துகூட இரண்டு பேர். யாரையும் நேரில் பார்த்ததில்லை. காதில் மாட்டிக்கொள்ளும் கருவியில் குரல் கேட்கும், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. சிலர் அடிப்பார்கள், சிலர் காயத்தை ஆற்றுவார்கள். ஒருவர் கேடயத்தோடு முன்னால் நின்று அடி வாங்குவார், அவர் டேங்க். என் வேலை பஃப்.

பஃப் என்றால் சண்டைக்கு முன் ஒவ்வொருவர்மீதும் போடும் அருள். பலம் கூடும், உயிர் கூடும், மந்திர சக்தி கூடும். குறிப்பிட்ட நேரம்தான் நிற்கும், தீர்ந்தால் திரும்பப் போடவேண்டும். ஒருவர்மீது நான் ஒரு பஃப் போட்டால் முன்பு போட்டது கழன்றுவிடும். கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும்.

இதில் ஒரு பஃப்பின் கதையைச் சொன்னால்தான் மீதி புரியும். நாங்கள் அதைச் சாந்தம் என்போம். அது யார்மேல் இருக்கிறதோ, அவர்மீது பூதத்துக்குக் கோபம் குறையும். அடிக்கிறவர்களுக்கும் காயம் ஆற்றுகிறவர்களுக்கும் அது கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பூதம் அவர்கள் பக்கம் திரும்பிவிடும். ஆனால் டேங்க்மேல் மட்டும் அது இருக்கவே கூடாது. பூதம் அவர்மேல் மட்டும் கோபமாக இருக்கவேண்டும், அதற்குத்தான் அவர் முன்னால் நிற்கிறார். சிக்கல் என்னவென்றால் டேங்க்கும் வாள்காரர். வாள்காரர்கள் எல்லாருக்கும் ஒரே அழுத்தில் சாந்தம் போட்டால் அவருக்கும் விழுந்துவிடும். உடனே அவருக்கு மட்டும் தனியாகப் பலம் போட்டு அதைக் கழற்றவேண்டும். இதை மறந்தால் முடிந்தது கதை.

நான் மறந்ததில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. சண்டைக்கு முன் நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பேன்.

“டேங்க் சார், தலைமேல என்ன இருக்கு?”

“பலம் இருக்குக்கா.”

“சாந்தம் இல்லியே?”

“அது எங்கிட்ட எப்பவுமே இல்லக்கா, எங்க வீட்ல கேட்டுப் பாருங்க.”

“துபாய் தம்பி, உனக்கு?”

“எனக்கு எல்லாம் இருக்குக்கா. டீ மட்டும்தான் இல்ல.”

இந்தக் கூத்து முடிய ஐந்து நிமிஷம் ஆகும். அறை காலியானால் பக்கெட் இருக்கிறதா, ஃபேன் ஓடுகிறதா, ஜன்னல் கொண்டி விழுகிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால்தான் அடுத்தவருக்குச் சாவி கொடுப்பேன். அதே கைதான் இங்கேயும். யாரும் குறை சொன்னதில்லை. பழைய லீடர் வேலை மாறி விளையாட்டை விட்டுப் போனார். நீ வந்தாய். ஆட்-ஆனும் வந்தது.

ஆட்-ஆன் என்பது விளையாட்டின் திரைமேல் நாமே ஒட்டிக்கொள்ளும் சின்னச் செயலி. பஃப் போடுபவர்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. திரையின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள். யாருக்கு எந்த பஃப் என்று முன்பே அதில் ஏற்றிவைக்கலாம். போட்டிருந்தால் பெட்டி பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்புப் பெட்டியை அழுத்தினால் பஃப் போய் விழும், பெட்டி பச்சையாகும். நல்ல சாமான்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். என் கை வலி பாதி குறைந்தது. நானே அதை உட்கார்ந்து கற்றுக்கொண்டு, டேங்க்குக்கு மட்டும் பலம் என்று தனியாக ஏற்றிவைத்தேன்.

ஆனால் அதில் ஒரு கோளாறு உண்டு. லீடராக இருப்பவர் தன் திரையிலிருந்தே என் பெட்டியை மாற்றலாம். மாற்றினால் என்னிடம் கேட்காது, சொல்லாது. பெட்டிமேல் மவுஸ் அம்பு இருக்கும்போது மவுஸின் சக்கரத்தை உருட்டினாலே போதும், உள்ளே இருக்கும் பஃப் மாறிவிடும். மேலே கீழே தள்ளிப் படிக்க நாம் எல்லாரும் நாள் முழுக்க உருட்டுகிற அதே சக்கரம்.

உன்னிடம் அப்போதே சொன்னேன்.

“லீடர், நீங்க அந்தப் பெட்டி மேல மவுஸ வெக்காதீங்க. உருண்டா மாறிடுது.”

“அக்கா, நான் சாஃப்ட்வேர்லதான் வேல செய்றேன். எனக்குத் தெரியாதா?”

“தெரியும்ங்க. இருந்தாலும் சண்டைக்கு முன்னாடி ஒரு தடவ வாயால கேட்டுக்கறேன்.”

“அதெல்லாம் வேணாம்க்கா. டைம் ஜாஸ்தி ஆவுது. பச்சையா இருந்தா போதும், போலாம். ஆட்-ஆன் எதுக்கு வெச்சிருக்கோம்?”

அதோடு விட்டாயா? சண்டை தொடங்கும் முன் எல்லாரும் மைக்கை மூடவேண்டும் என்று புதுச் சட்டம் போட்டாய். நீயும் டேங்க்கும் மட்டும் இணையத்திலேயே ஒரு தனி அறையில் பேசிக்கொள்வீர்கள், அது எங்களுக்குக் கேட்காது. நீ பொதுவில் சொல்வது மட்டும் எங்களுக்குக் கேட்கும், எங்கள் குரல் யாருக்கும் கேட்காது. துபாய் தம்பியின் டீ ஜோக் நின்றுபோனது.

பச்சை என்றால் என்ன? ஏற்றிவைத்தது போடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஏற்றிவைத்ததே தப்பாக இருந்தால்? அப்போதும் பச்சைதான். இதைத்தான் நான் உனக்குப் புரியவைக்கப் பார்த்தேன். உனக்குப் பச்சை போதும்.

பல வாரமாக ஒரு பூதத்திடம் தோற்றுக்கொண்டிருந்தோம். கடைசி வாரம் அதன் உயிர் ஒரு நூலளவு மீதம் இருக்கையில் விழுந்தோம். அடுத்த ஞாயிறு கட்டாயம் வீழ்த்திவிடலாம் என்று எல்லாருக்கும் வெறி. அந்த ஞாயிறு பௌர்ணமி. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பௌர்ணமி என்றால் என்ன என்று சொல்லவேண்டாம். கிரிவலக் கூட்டத்தில் எல்லா அறையும் நிரம்பும், தெருவில் கால் வைக்க முடியாது, ஆட்டோவை எங்கோ திருப்பிவிடுவார்கள், செல்போனில் சிக்னல் கோடு முழுசாக நிற்கும் ஆனால் ஒரு படம் இறங்காது.

“லீடர், அன்னிக்கு பவுர்ணமி. சனிக்கிழமை வெச்சிக்கலாமா?” என்று கேட்டேன்.

“ஒருத்தருக்காக எப்டிக்கா மாத்தறது? உங்களால முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆள போட்டுக்கறேன்.”

முடியாது என்று சொல்வேனா? பல வாரம் நானும் சேர்ந்துதானே செத்தேன். கேபிள்காரரைக் கூப்பிட்டுச் செல்போன் நெட்டை விட்டு ஒயர் நெட்டுக்கு மாறினேன். “பவுர்ணமிக்கு செல்லுதான் படுக்கும்க்கா, ஒயரு படுக்காது” என்று சொல்லி, வீட்டுக்குள்ளேயே இழுத்துவிட்டுப் போனார். அன்று காலையிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். எல்லா அறைக்கும் விரிப்பு போட்டு, தண்ணீர் வைத்து, சாயங்காலம் சாவிக்கொத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன்.

அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். “ஊரே அருள் வாங்கறதுக்கு மலைய சுத்துது. நீ ஒருத்திதான் உக்காந்த எடத்துலயே இருவத்தஞ்சு பேருக்கு அருள் குடுக்கற” என்றார்.

“பேசாம வாசல பாருங்க.”

“மேல ரூம்ல ஒருத்தங்க பக்கெட்டு கேக்கறாங்க, அதுக்கும் ஒரு அருள் போட்டு உடேன்.”

“மாடிப்படி கீழ இருக்குது. எடுத்துக் குடுங்க.”

விளையாட்டில் எல்லாம் நன்றாகத்தான் போனது. சின்னப் பூதங்கள் எல்லாம் சாய்ந்தன. என் நெட் ஒரு விநாடிகூடத் தடுமாறவில்லை. பெரிய பூதத்தின் வாசலுக்கு வந்தோம். எல்லாருக்கும் பஃப் போட்டேன். எல்லாப் பெட்டியும் பச்சை. டேங்க் தலைமேல் பலம் இருப்பதை என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டேன். மைக் மூடச் சொன்னாய், மூடினேன்.

நீ எண்ணத் தொடங்குவதற்குச் சற்று முன் டேங்க்கின் பெட்டி சிவப்பானது. நேரம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று அழுத்தினேன். பச்சையானது. அழுத்தியது என் விரல்தான், அதை நான் மறைக்கவில்லை. சிவப்பானால் யோசிக்காமல் அழுத்தவேண்டும் என்பது நீ போட்ட சட்டம். பெட்டி விரல் நகம் அளவு, அதற்குள் இருக்கும் படம் எள்ளளவு. அழுத்திய பிறகு அந்தப் படத்தைப் பார்த்தேன். பலம் இல்லை, சாந்தம்.

வாயைத் திறந்து கத்தினேன். மைக் மூடியிருந்தது. வீட்டுக்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார், அவருக்குத்தான் கேட்டது. மைக் கையில் அகப்படாமல், எழுதும் இடத்தில் ‘டேங்குக்கு தப்பு, நில்லுங்க’ என்று தட்டினேன். யார் படிப்பார்கள்? பெட்டியைத் திரும்ப மாற்றிப் பலம் போடுவதற்குள் நீ போ என்றாய். டேங்க் பாய்ந்தார்.

பூதம் அவரை நாலு அடி அடித்தது. பிறகு அவர் அங்கே நிற்பதே தெரியாததுபோல் திரும்பி, காயம் ஆற்றுபவர்கள் பக்கம் நடந்தது. முதலில் ஈரோட்டுப் பெண் விழுந்தாள். அப்புறம் வரிசையாக எல்லாரும். நான் விழும்போது மைக்கைத் திறந்துவிட்டேன். அதற்குள் நீ பேசிக்கொண்டிருந்தாய்.

“அக்கா, என்னக்கா பஃப் இது? பவுர்ணமி நெட்டா?”

எல்லாரும் சிரித்தார்கள். தோற்ற எரிச்சலில் வருகிற சிரிப்பு. “நெட்டு நல்லாதான் இருக்கு. டேங்க் பெட்டி மாறிப்போச்சு, நான் மாத்தல” என்றேன்.

“சரிக்கா, உடுங்க உடுங்க. மலைக்குப் போற கூட்டம் எல்லாம் உங்க ஒயர மெதிச்சிருக்கும்.”

மறுபடியும் சிரிப்பு. அன்று அதற்குமேல் யாருக்கும் தெம்பில்லை. கலைந்தார்கள். மறுநாள் காலை குழுவின் பொது அறையில் எல்லாருக்கும் மேலே நிற்கும்படி நீ ஒரு அறிவிப்பு ஒட்டினாய். பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் நெட் பிரச்சினை, அதனால் பஃப் தவறியது, இனி பஃப் பொறுப்பு வேறு ஒருவருக்கு, அக்கா காத்திருப்போர் வரிசையில். இதுதான் அதன் சாரம். கீழே கைகூப்பும் பொம்மை.

எவ்வளவு வசதியான பொய் பார். எங்கள் ஊர் பெயரைச் சொன்னால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். பௌர்ணமிக்கு இங்கே நெட் படுக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நான் ஒயர் இழுத்தது யாருக்கும் தெரியாது.

இரண்டு நாள் கழித்து டேங்க்கைப் போனில் பிடித்தேன். விழுப்புரத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர், வம்பு என்றால் பத்தடி தள்ளி நிற்பவர்.

“சார், உங்களுக்கும் லீடருக்கும் தனி ரூம் இருக்கில்ல. அன்னிக்கு கடைசியா அவரு என்ன சொன்னாரு?”

கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது கேட்டது.

“நான் சொன்னேன்னு சொல்லாதீங்கக்கா. ‘அடச்சே, உருண்டுடுச்சு’ன்னாரு. என்னான்னு கேட்டேன். ஒண்ணுமில்ல போங்கன்னாரு. போனேன்.”

“இத ஏன் சார் அன்னிக்கே சொல்லல?”

“எனக்கு எதுக்குக்கா வம்பு? என் எடத்துல நிக்கறதுக்கு நாலு பேரு காத்துனு இருக்கான்.”

அவர்மேல் கோபம் வந்தது. ஆனாலும் ஒரு உதவி கேட்டேன், செய்தார். நாங்கள் இருவர் மட்டும் ஒரு சின்னக் கூட்டம் போட்டு, அவரை லீடராக்கினோம். தன் பெட்டிமேல் மவுஸை வைத்து ஒரு சுற்று உருட்டச் சொன்னேன். என் திரையில் அவர் பெட்டி சிவப்பானது. அழுத்தினேன். பச்சை. உள்ளே சாந்தம். “அய்யய்யோ” என்றார். “அதேதான்க்கா.”

அதன் பிறகுதான் உன்னைத் தனியாகக் கூப்பிட்டேன். நீ மறுப்பாய் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

“தப்பு என்னுதுதான்க்கா. யாரோ மெசேஜ் போட்டாங்க, மேல தள்ளிப் படிக்கப் போனேன், மவுஸ் அங்க இருந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சும் போன்னு சொன்னீங்க?”

“நீங்க சரி பண்ணிடுவீங்கன்னு நெனச்சேன்.”

“மைக்க மூடச் சொல்லிட்டு எப்படிங்க சரி பண்றது? சரி, அத எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. அந்த அறிவிப்ப எடுங்க.”

“அக்கா, புரிஞ்சிக்கோங்க. புது லீடர் நானு. இப்ப போயி நான்தான் தோக்கடிச்சேன்னு சொன்னா நாளைக்கு எவன் என் பேச்ச கேப்பான்? ரெண்டு வாரம் போவட்டும், உங்கள சத்தம் இல்லாம உள்ள எடுத்துக்கறேன். மேட்டர் முடிஞ்சிடும்.”

உனக்கு முடிந்துவிடும், எனக்கு எப்படி முடியும்? நான் திருடிவிட்டு ஒளிந்தவளா, சத்தமில்லாமல் உள்ளே வருவதற்கு? வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நீங்கள் அந்தப் பூதத்தை வீழ்த்தினீர்கள். படம் போட்டீர்கள், பார்த்தேன். பல வாரம் செத்துச் செத்துப் பழகியதில் நானும் உண்டு, படத்தில் நான் இல்லை. அன்று எனக்குப் பதில் பஃப் போட்ட பெண் எனக்கு எழுதினாள், கெட்ட எண்ணத்தில் இல்லை, பாசமாகத்தான்: “அக்கா, உங்க ஊர்ல அடுத்த பவுர்ணமி எப்போ? அன்னைக்கு வெக்க வேணாம்னு லீடர் சொல்லிருக்காரு.” நான் கேட்டபோது ஒருத்திக்காக மாற்றமாட்டேன் என்றவன், இப்போது நாள் பார்த்து மாற்றுகிறாய். பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே.

சரி, இந்தக் கூட்டம் வேண்டாம் என்று வேறொரு தமிழ்க் கூட்டத்தில் இடம் கேட்டேன். என் பெயரைப் பார்த்ததும் அந்த லீடர் சிரித்தார்.

“நீங்கதானே அந்த பவுர்ணமி அக்கா?”

“நெட்டு பிரச்சினை இல்லைங்க அது.”

“அப்டிதான் எல்லாரும் சொல்லுவாங்க. பாக்கலாம்க்கா, எடம் இருந்தா சொல்றேன்.”

சொல்லவில்லை. சொல்லமாட்டார். ஒயர் நெட் இன்னும் ஓடுகிறது. ஆட்-ஆன் இன்னும் திரையின் ஓரத்தில் இருக்கிறது. கூட்டம் இல்லாததால் பெட்டி ஒன்றும் தெரியாது, வெறும் சட்டகம்தான். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “இன்னிக்கு யாருக்கும் அருள் இல்லியா?” என்பார். முதலில் சிரித்தேன். இப்போது அவரும் கேட்பதில்லை.

விளையாட்டுதானே என்று சொல்லுவாய். விளையாட்டுதான். ஆனால் அதில் நான் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தேன், எல்லாரும் அதை நம்பினார்கள். பஃப் போடத் தெரியாதவள், நெட்டும் இல்லாதவள் என்ற பெயரை நீ வைத்தாய். நீதான் எடுக்கவேண்டும். உன் கூட்டத்தில் இடம் கொடுக்கிறாயா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

தனியாக மெசேஜ் போடாதே. போன் செய்யாதே. கைகூப்பும் பொம்மை அனுப்பாதே. தனியாக நீ சொன்னதை ஏற்கனவே கேட்டுவிட்டேன், அது எனக்கு எதற்கும் உதவாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உள்ளே வந்ததும் அந்த மைக் சட்டத்தைத் தூக்கிவிட்டு, பொது அறையில், விழுப்புரத்துக்காரரும் துபாய் தம்பியும் ஈரோட்டுப் பெண்ணும் கேட்கும்படி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்: அன்றைக்கு டேங்க்கின் பெட்டியை உருட்டியது யார்?